அசில் முதலான சண்டைக்கோழி இனங்கள்: தூய்மையை அறிதலும் வளர்ப்பாளரைத் தேர்தலும் – மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் கோழி வளர்க்காத லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) அரிது. இஸ்தோப்பின் ஓரத்திலோ பின்பக்கக் கொல்லையிலோ பழைய தகரத்தாலும் கம்பி வலையாலும் அடித்த ஒரு கூடாவது இருக்கும். இப்போது நாட்டுக்கோழியோடு நில்லாமல் அசில், ஷாமோ, மலாய் என்று பெயர் சொல்லித் தேடி வாங்குகிறவர்களும் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் உண்டு. ஒரு சோடிக்கு அவர்கள் கொடுக்கும் பணம் சில வேளைகளில் ஒரு மாதக் கொழுந்துச் சம்பளத்தையே விழுங்கிவிடுகிறது. அப்படிக் கொடுத்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். அதன் பின்னர் கற்றுக்கொண்டவற்றை, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்களாக இங்கே எழுதுகிறேன்.

அசில், பெருவிடை, கட்டுச்சேவல் எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. கட்டுச்சேவல் என்பது கட்டிவைத்து வளர்க்கப்படும் சண்டைச் சேவலுக்கு வழங்கும் பெயர். அது ஓர் இனத்தைக் குறிக்காது. பெருவிடை என்பது தமிழ்நாட்டில் பெரிய உடற்கட்டுள்ள நாட்டுக்கோழிக்கு வழங்கும் சொல்; அதில் அசிலின் இரத்தம் நிறையவும் இருக்கலாம், சிறிதளவே இருக்கலாம். நம் பாட்டன்மார் திருச்சி, சேலம், மதுரைப் பக்கங்களிலிருந்து இந்தச் சொற்களையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள் என்பதால், தோட்டங்களில் மூன்றும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அசில் என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் இனம். உயர்குடிப் பிறப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. 2 முதல் 3 கிலோ வரையிலான சிறுவகையும், 4 கிலோவைத் தாண்டும் பெருவகையும் அதில் உண்டு. ஷாமோ யப்பானுக்கு உரியது. தாய்லாந்தின் பழைய பெயரான சியாம் என்பதே அங்கே ஷாமோ என மருவியது. யப்பான் 1941இல் அதை இயற்கைச் சின்னமாக அறிவித்தது. மலாய் மிக உயரமானது; நிமிர்ந்து நின்றால் இரண்டரை அடிக்குக் குறையாது. கிளிமூக்கு, விசிறிவால் என்று விற்கப்படுபவை அழகுக்காகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்ட அசில் வழிகள். அவற்றுக்கு அளவுகோல் வேறு.

"தூய இனம்" என்பதற்கு உண்மையான பொருள் என்ன?

ஒரே இனத்துப் பறவைகளைச் சேர்த்தால் தம்மைப் போன்ற குஞ்சுகளையே, ஈட்டுக்கு ஈடு (ஒவ்வொரு முறை முட்டையிட்டுப் பொரிக்கும்போதும்) மாறாமல் தருமானால் அது தூய வழி. இதிலிருந்து ஒன்று விளங்கும்: தூய்மை உங்கள் கண் முன்னால் நிற்கும் சேவலில் முழுமையாகத் தெரிவதில்லை. அதன் தாய் தந்தையிடமும், கூடப் பிறந்தவற்றிடமும், அது பெறும் குஞ்சுகளிடமும்தான் தெரியும். எனவே நல்ல கோழி வாங்குவது என்பது பெரும்பாலும் நல்ல வளர்ப்பாளரைக் கண்டுபிடிப்பதே. பறவையைப் பார்த்துத் தீர்மானிக்க முடிந்தவை உண்டுதான். அவற்றைக் கீழே சொல்கிறேன். ஆனால் அவை கலப்பைக் காட்டிக்கொடுக்கும் அளவுக்குத் தூய்மையை உறுதிசெய்வதில்லை.

இனச் சான்றிதழ் கேட்டு வாங்கலாமா?

நாய்களுக்கு இருப்பதைப் போலத் தனித்தனிப் பறவைக்கு வம்சாவளிப் பதிவு வைக்கும் வழக்கம் கோழி உலகில் வேரூன்றவில்லை. இங்கிலாந்தில் 1835இல் சேவற்சண்டை தடை செய்யப்பட்ட பின்னர் வளர்ப்பாளர்கள் கண்காட்சிப் பக்கம் திரும்பினார்கள்; 1865இல் அங்கே இனங்களின் இலக்கணம் முதன்முறையாக நூலாக வெளிவந்தது. அமெரிக்காவின் கோழியினச் சங்கம் மலாயை 1883இலும் அசிலை 1981இலும் தன் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வள நிறுவனம் அசிலை ஒரு நாட்டினமாகப் பதிந்திருக்கிறது. இவை எல்லாம் இனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்பவை. உங்கள் கூட்டில் இருக்கும் பறவை அந்த இனம்தான் என்று எவரும் கையொப்பமிடுவதில்லை. ஆகவே ஒருவர் முத்திரை குத்திய அட்டையை நீட்டினால், அதை அச்சிட்டவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்தான்.

ஒரு பறவையைக் கையில் எடுத்து எவற்றைப் பார்க்க வேண்டும்?

முதலில் கனம். நல்ல அசில் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கையில் கனக்கும். இறகு உடலோடு ஒட்டி, குறுகி, விறைப்பாக இருப்பதால் பறவை சிறிதாகத் தோன்றும். தூக்கினால் எலும்பும் தசையும் கல் போல இருக்கும். அடுத்ததாக, குதத்தைச் சுற்றியும் தொடையின் உட்பக்கத்திலும் விரலை விடுங்கள். அங்கே பஞ்சு போன்ற மென்தூவி அடர்ந்திருந்தால் முட்டைக்கோழியோ இறைச்சிக்கோழியோ எங்கோ புகுந்திருக்கிறது. மார்பெலும்பின் முனை, தொண்டை, சிறகின் மூட்டு ஆகிய இடங்களில் இறகு குறைந்து சிவந்த தோல் தெரிவது இவ்வினங்களின் இயல்பு. இதை அறிந்த சில விற்பனையாளர்கள் மார்பு இறகைப் பிடுங்கி வைப்பதுண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பிடுங்கிய துளைகளும் முளைக்கும் குருத்திறகுகளும் தெரியும்.

தலை குட்டையாகவும் அகலமாகவும், கன்ன எலும்பு உறுதியாகவும், புருவம் கண்ணின் மேல் கூரை போல நீண்டும் இருக்க வேண்டும். அலகு குட்டை, தடிப்பு. தாடி (அலகுக்குக் கீழே தொங்கும் சதை) இல்லாமலோ பெயருக்கோ இருக்கும். தோள் அகன்று, சிறகுகள் உடலை விட்டுச் சற்றே விலகி நிற்கும். மேலிருந்து பார்த்தால் உடல் தோளில் பரந்து வாலை நோக்கி ஒடுங்கும். வால் தாழ்ந்திருக்கும். அரிவாள் போல வளைந்த நீண்ட வாலிறகுகளை உயர்த்திக்கொண்டு நிற்கும் சேவல், பார்ப்பதற்கு எத்தனை கம்பீரமாக இருந்தாலும், நாட்டுக்கோழியின் பேரனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுமாத்ரா இனம் மட்டும் இதற்கு விதிவிலக்கு: நீண்ட கறுப்பு வால் அதன் அடையாளம்.

வளர்ச்சி வேகத்தையும் கேளுங்கள். சண்டைக்கோழிகள் மெல்ல வளர்பவை. முழு உருவம் வர இரண்டு ஆண்டு எடுக்கும். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வந்துவிட்டது என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அவர் தம்மை அறியாமலே இறைச்சிக்கோழிக் கலப்பை ஒப்புக்கொள்கிறார்.

கொண்டை சரியாக இருந்தால் போதாதா?

போதாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அசிலுக்கு இருப்பது பட்டாணிக் கொண்டை: தலையோடு ஒட்டி, தாழ்ந்து, மூன்று வரிசையாக மணி கோத்தது போல இருக்கும். நாட்டுக்கோழிக்கும் முட்டைக்கோழிக்கும் பொதுவாக உள்ளது நிமிர்ந்த ரம்பம் போன்ற ஒற்றைக் கொண்டை. இவ்விரண்டில் பட்டாணிக் கொண்டையின் மரபணு ஆதிக்கம் உள்ளது. எனவே தூய அசில் சேவலை ஒற்றைக் கொண்டையுள்ள ஒரு சாதாரணப் பெட்டையோடு சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் எல்லாமே பட்டாணிக் கொண்டையோடு பிறக்கும். பாதி இரத்தமே உள்ள குஞ்சு, கொண்டையைப் பொறுத்தவரை முழு அசிலாகவே தோன்றும். கூர்ந்து பார்த்தால் நடு வரிசை சற்று உயர்ந்தும் தாடி சற்றுப் பெருத்தும் இருக்கலாம். பழகாத கண்ணுக்கு அது புலப்படாது.

குட்டு அடுத்த தலைமுறையில் வெளிப்படும். நான் முதன்முதலில் வாங்கிய சோடியில் இரண்டும் பட்டாணிக் கொண்டை. விற்றவர் "ஐந்து தலைமுறையாக எங்கள் வீட்டுக் கோழி" என்றார். அந்தப் பெட்டையை 11 முட்டைகளோடு அடையில் வைத்தேன்; 9 பொரித்தன. ஈரம் உலர்ந்ததும் ஒவ்வொன்றாக டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஏழு குஞ்சுகளின் நெற்றியில் அலகுக்கு மேலே மூன்று நுண்வரிகள் சேர்ந்த சிறு தடிப்பு. மற்ற இரண்டில் நடுவே ஒரே ஒரு மெல்லிய கோடு. அந்த ஒற்றைக் கோடு மூன்று கிழமைக்குள் ரம்பமாக எழுந்தது. பட்டாணிக் கொண்டையுள்ள இரு பறவைகளுக்கு ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறக்குமானால், தாய் தந்தை இரண்டுமே ஒற்றைக் கொண்டையின் மரபணுவை மறைத்து வைத்திருந்தன என்பது உறுதி. சராசரியாக நான்கில் ஒன்று அப்படிப் பிறக்கும். நான் இரண்டையும் விற்றவரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, தோட்டத்துச் சேவல் ஏதாவது கூட்டுக்குள் புகுந்திருக்கும் என்றார். என் கூட்டுக்குப் பூட்டு உண்டு. அப்படியே புகுந்திருந்தாலும், பெட்டை தூயதாக இருந்தால் ஒற்றைக் கொண்டைக் குஞ்சு பிறந்திருக்க முடியாது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. அன்று நானும் அறிந்திருக்கவில்லை.

உங்கள் சேவல் அப்படி மறைத்து வைத்திருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒற்றைக் கொண்டையுள்ள ஒரு நாட்டுப் பெட்டையோடு அதைச் சேருங்கள். சேவல் மறைத்து வைத்திருந்தால் குஞ்சுகளில் பாதி ஒற்றைக் கொண்டையாக இருக்க வேண்டும். ஒன்று கண்டாலே தீர்ப்பு முடிந்தது. ஏழு குஞ்சும் பட்டாணிக் கொண்டையாகவே வந்தால், மறைத்து வைத்திருக்கும் சேவல் ஒன்று தற்செயலாக இப்படித் தப்புவதற்கான வாய்ப்பு 128இல் ஒன்று. பத்து குஞ்சு என்றால் 1024இல் ஒன்று. சோதனைக் குஞ்சுகளைக் கறிக்கோ முட்டைக்கோ வளர்த்துக்கொள்ளலாம். வளர்ப்புக் கூட்டத்தில் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இந்தச் சோதனை கொண்டையைப் பற்றி மட்டுமே பேசும் என்பதையும் நினைவில் வையுங்கள்: கொண்டை திருந்திய ஒரு கலப்பு வழி இதில் தேறிவிடும்.

மலாய்க்கு உள்ளது வேறு வகை. அதன் புடைத்த கொண்டை, பட்டாணி மரபணுவும் ரோசாக் கொண்டை மரபணுவும் சேர்ந்து உண்டாக்குவது. இதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரபியலாளர்களான பேட்சனும் பன்னெட்டும் கோழிகளை இணைத்தே கண்டறிந்தார்கள். தூய அசில் என்று வாங்கியவை புடைத்த கொண்டைக் குஞ்சைத் தந்தால் மலாயோ, ரோசாக் கொண்டை மரபணு உள்ள வேறொரு வழியோ சேர்ந்திருக்கிறது.

கொண்டையும் தாடியும் வெட்டப்பட்டிருந்தால்?

வாங்காதீர்கள். இருந்ததை மறைக்க வெட்டினார்களா, பழைய சண்டை வழக்கத்தால் வெட்டினார்களா என்பதை நீங்கள் அறிய வழியில்லை. வெட்டிய இடம் வழவழப்பான தழும்பாக, மணி மணியாக இல்லாமல் இருக்கும்.

இறகின் நிறத்தையும் கால் நிறத்தையும் வைத்து இனம் சொல்லலாமா?

இறகு நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. செவலை, கீரி, மயில், காகம், வெள்ளை என அசிலில் எல்லா நிறமும் உண்டு. குறிப்பிட்ட நிறமே "ஒரிஜினல்" என்பவர் தம்மிடம் மீதமிருக்கும் சேவலின் நிறத்தைச் சொல்கிறார்.

கால் நிறம் ஒரு வகையில் உதவும். மஞ்சள் தோல் ஒடுங்கும் பண்பு: தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். வெள்ளைத் தோல் ஆதிக்கப் பண்பு. தாயும் தந்தையும் இவைதான் என்று இரு மஞ்சள் காற்பறவைகளைக் காட்டி, வெள்ளைக் கால் குஞ்சை விற்றால் காட்டப்பட்ட பெற்றோரில் ஒன்றாவது பொய். ஆனால் தொடர்ந்து முட்டையிடும் பெட்டையின் காலில் மஞ்சள் வெளிறிவிடும். பச்சைத் தீனியும் சோளமும் கிடைக்காத குஞ்சுக்கும் அப்படியே. ஆகவே சேவலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அவசரப்பட்டுச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கண் முத்துப் போல வெளுத்திருக்க வேண்டும் என்கிறார்களே?

முதிர்ந்த அசிலுக்கு அது சரி. இளம் பறவைகளின் கண் கருமஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்து, வயது ஏற ஏற வெளுக்கும். ஆறு மாதக் குஞ்சின் கண்ணைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். அதன் தகப்பனின் கண்ணைப் பாருங்கள்.

காட்டுக்கோழி இரத்தம் கலந்தது என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். உண்மையாக இருக்குமா?

இலங்கைக் காட்டுக்கோழி இந்நாட்டுக்கே உரியது, நம் தேசியப் பறவை, சட்டப் பாதுகாப்பு உள்ளது. தேயிலை மலையின் ஓரத்துக் காடுகளில் விடியலில் அதன் குரலை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சேவலின் சிவந்த கொண்டையின் நடுவில் மஞ்சள் படர்ந்திருப்பது அதன் தனி அடையாளம். வீட்டுக்கோழியோடு அது சேர்வது அரிது; சேர்ந்து பிறப்பவற்றின் கருவளமும் குறைவு. இரத்தம் இருந்தால் தூய்மை போயிற்று, இல்லாவிட்டால் சொன்னது பொய். இரண்டிலும் கூடுதல் விலைக்கு நியாயமில்லை. காட்டிலிருந்து பிடித்த பறவையையோ அதன் முட்டையையோ வைத்திருப்பவரிடம் எதையும் வாங்க வேண்டாம்.

வேறு சேவலோடு சேர்ந்த பெட்டை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்பது சரியா?

இது பழைய நம்பிக்கை, தவறு. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் உண்மை இருக்கிறது. பெட்டையின் உடலில் சேவலின் விந்து இரண்டு, மூன்று கிழமை வரை உயிரோடு சேமிக்கப்படும். கலப்புக் கூட்டத்திலிருந்து வாங்கி வந்த பெட்டை உங்கள் சேவலோடு முதல் நாளே சேர்ந்தாலும், அது இடும் முதல் முட்டைகள் பழைய சேவலுக்கு உரியவையாக இருக்கலாம். நான்கு கிழமை முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் பிறகு இடுவதை அடை வையுங்கள். அதற்குப் பின் அந்தப் பெட்டையில் எந்தக் குறையும் இல்லை.

கலப்புப் பெட்டையை அசில் சேவலோடு திரும்பத் திரும்பச் சேர்த்தால் தூயதாகிவிடுமா?

கணக்குப்படி முதல் தலைமுறையில் பாதி, அடுத்து முக்கால், பிறகு எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து. ஐந்தாம் தலைமுறையில் 97 வீதத்தை நெருங்கும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு பொறுத்து, பிறந்தவற்றில் பெரும்பாலானவற்றைக் கழித்துச் செய்கிறவர் மதிக்கத்தக்கவர். அப்படிச் செய்தவர் அதை மறைக்காமல் சொல்வார். "இது நான்காம் தலைமுறை, இன்னும் சில குஞ்சில் தூவி வருகிறது" என்று ஒருவர் சொன்னால் அவரிடம் நான் தயங்காமல் வாங்குவேன்.

நம்பகமான வளர்ப்பாளரை எப்படி அடையாளம் காண்பது?

அவர் வீட்டுக்குப் போங்கள், அதுவும் மழை பெய்யும் ஒரு நாளில் போங்கள். வெயிலடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில் எல்லாக் கூடும் நன்றாகத்தான் இருக்கும். ஆடி மாதத்து மழையில்தான் ஒழுகும் கூரையும், நனைந்த மரத்தூளும், அமோனியா நெடியும் தெரியும்.

பிறகு பெட்டைகளைக் காட்டச் சொல்லுங்கள். சேவலைக் காட்ட யாரும் தயங்குவதில்லை. குளிப்பாட்டி, காலில் எண்ணெய் தடவி, கையில் ஏந்திக்கொண்டு வந்துவிடுவார்கள். பெட்டையைக் கேட்டால் "அது தோட்டத்துக்குள் மேய்கிறது", "தம்பி வீட்டில் இருக்கிறது" என்று பதில் மாறும். குஞ்சின் பாதி இரத்தம் தாயிடமிருந்து வருகிறது. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டியதில்லை என்று சொல்லிவைத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. நல்ல வளர்ப்பாளரின் பெட்டைகள் ஒன்றுக்கொன்று அக்காள் தங்கையைப் போல இருக்கும். தலை, நிற்கும் விதம், வால் தாழ்ச்சி எல்லாம் ஒரே அச்சு. ஒன்று உயரம், ஒன்று குட்டை, ஒன்றுக்குத் தாடி என்று சந்தைக் கூட்டம் போல இருந்தால் அங்கே இனம் இல்லை, கோழிகள் இருக்கின்றன.

அடுத்து ஒரு சிறு கணக்குப் போடுங்கள். அசில் பெட்டை குறைவாக முட்டையிடுவது. ஓர் ஈட்டில் 8 முதல் 12 முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். மூன்று பெட்டை வைத்திருப்பவர் மாதம் தோறும் ஐம்பது குஞ்சு விற்றால் மீதிக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? இந்தக் கேள்வியை நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை. பெட்டைகளை எண்ணிவிட்டு, இந்த ஆண்டு எத்தனை குஞ்சு கொடுத்தீர்கள் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டாலே போதும்.

குறிப்பேடு இருக்கிறதா என்று பாருங்கள். என் பக்கத்து டிவிசனில் ஒரு பெரியவர் பழைய கொழுந்துக் கணக்குப் புத்தகத்தில் எழுதிவைத்திருக்கிறார்: எந்தப் பெட்டை, எந்தச் சேவல், எந்தத் திகதியில் அடை, எத்தனை பொரிப்பு, எத்தனை கழிப்பு. குஞ்சுகளின் கால்விரல் இடைத்தோலில் சிறு துளையிட்டுக் குடும்பத்தை அடையாளமிடுகிறார். கழித்தவை என்ற பத்தியைத்தான் நான் முதலில் வாசிப்பேன். ஒற்றைக் கொண்டை 0 என்று பல ஆண்டுகள் எழுதியிருப்பதைவிட, ஒரு பக்கத்தில் "கோணல் விரல் 2, கறிக்கு" என்று எழுதியிருந்தது எனக்கு அதிக நம்பிக்கையைத் தந்தது.

நல்லவர் உங்களிடமும் கேள்வி கேட்பார். எங்கே வளர்ப்பீர்கள், எத்தனை சேவலைத் தனித்தனியாக அடைக்க இடமுண்டு, எதற்காக வாங்குகிறீர்கள் என்று விசாரிப்பார். விற்க மறுத்த வளர்ப்பாளரிடம் ஆறு மாதம் கழித்துத் திரும்பப் போய் வாங்கியவர்களை அறிவேன்.

முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் படங்களை நம்பலாமா?

படம் எடுத்தவர் நிலத்தில் குந்தி மேல்நோக்கி எடுத்திருந்தால் இரண்டரைக் கிலோச் சேவலும் மலாய் போல நிற்கும். ஒரே படம் மாத்தளையிலும் வெலிமடையிலும் இருவர் பெயரில் வருவதும் உண்டு. பறவையின் பக்கத்தில் அன்றைய பத்திரிகையையோ ஒரு சோடாப் போத்தலையோ வைத்து, நடக்கவிட்டு, காணொளியாக எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டையையும் அதே காணொளியில் கேளுங்கள். நேரில் பார்க்காமல் வங்கியில் முற்பணம் போட வேண்டாம். இன்றைக்கே கட்டாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்றால், எடுத்துக்கொள்ளட்டும்.

"இந்தியாவிலிருந்து நேரடியாக வந்தது", "தாய்லாந்து இறக்குமதி" என்றால்?

உயிருள்ள பறவையையோ அடைமுட்டையையோ நாட்டுக்குள் கொண்டுவரக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டம் இதற்கு அடிப்படை. அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். படகில் வந்த முட்டை என்று கண்ணடித்துச் சொல்பவரிடம் இனம் உண்மையாகவே இருந்தாலும், அதனோடு வரும் நோய் உங்கள் லயத்துக் கோழிகள் அனைத்தையும் வாரிக்கொண்டு போகலாம்.

முட்டை வாங்குவதா, குஞ்சா, வளர்ந்த பறவையா?

முட்டை மலிவு, ஆனால் நம்பிக்கையின் மீது மட்டுமே வாங்கப்படுவது. இட்டு ஒரு கிழமைக்கு மேற்பட்ட முட்டையை எடுக்காதீர்கள், மலைப்பாதை பஸ்சில் கொண்டுவந்தால் ஒரு நாள் அசையாமல் வைத்து அடை வையுங்கள். நாள் குஞ்சில் கொண்டை வரி தவிர ஏதும் தெரியாது. என் தெரிவு எட்டு முதல் பத்து மாதமான பறவைகள்: இறகின் இறுக்கமும் உடற்கட்டும் அப்போது தெரியத் தொடங்கிவிடும், விலையும் முதிர்ந்த சேவலளவு ஏறியிருக்காது.

மலையகக் குளிர் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா?

வளர்ந்தவை தாங்கும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் 10 பாகைக்குக் கீழே இறங்கும். மென்தூவி இல்லாத இந்த இனங்களுக்குப் போர்வை குறைவு என்பதை மறக்க வேண்டாம். நாட்டுக்கோழிக் குஞ்சு ஐந்து கிழமையில் விளக்குச் சூட்டை விடுமென்றால், அசில் குஞ்சுக்கு மேலும் சில கிழமை தேவைப்படும். குளிரைவிட ஈரமே பெரிய பகை: இரத்தக் கழிச்சலும் மூச்சிரைப்பும் நனைந்த தரையில்தான் பெருகும். ஆகவே கொழும்புப் பக்கத்துக் குஞ்சைவிட, இதே உயரத்தில் இரண்டு மூன்று தலைமுறை பிழைத்த பறவைகளின் குஞ்சையே தேடுங்கள். இறகு அடர்த்தியாக இருப்பதைக் "குளிருக்கு ஏற்றபடி மாறிவிட்டது" என்று விளக்குபவரை மட்டும் நம்ப வேண்டாம். இறுகிய இறகு இரண்டு குளிர்காலத்தில் பஞ்சாகாது.

ஒரே வீட்டில் சேவலும் பெட்டையும் வாங்கினால் உறவுக் கலப்பு ஆகாதா?

ஆகலாம். உடன்பிறந்தவற்றைச் சேர்த்தால் குஞ்சின் உறவுக் கலப்பு அளவு 25 வீதம், ஒரே தந்தைக்குப் பிறந்தவை என்றால் 12.5, ஒன்றுவிட்ட முறை என்றால் 6.25. பழைய வழிகளைக் காக்க வளர்ப்பாளர்கள் ஓரளவு நெருங்கிச் சேர்ப்பது இயல்பே. பொரிப்பு குறைவது, கோணலான விரல், பிணைந்த அலகு, வளைந்த மார்பெலும்பு ஆகியவை எல்லை மீறியதன் அறிகுறிகள். குறிப்பேடு உள்ளவரிடம் ஒன்றுவிட்ட உறவுள்ள சோடியைக் கேட்டு வாங்கலாம்.

இவற்றை வளர்ப்பது சட்டப்படி குற்றமா?

வளர்ப்பது குற்றமில்லை. சண்டைக்கு விடுவதுதான் குற்றம். 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம், பணயம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் சேவற்சண்டையைச் சட்டவிரோதமாகவே கொள்கிறது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமும் உண்டு. "ஒரு தட்டுத் தட்டிக் காட்டுகிறேன், இரத்தத்தைப் பாருங்கள்" என்று உங்கள் முன்னாலேயே இரண்டு சேவலை விடுபவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். சண்டையிடும் குணம் தூய்மைக்குச் சான்றும் இல்லை. குப்பைமேட்டுச் சேவலும் சண்டை போடும்.

வாங்கி வந்தபின் முதலில் என்ன செய்ய வேண்டும்?

மூன்று முதல் நான்கு கிழமை தனியாக அடையுங்கள். ராணிக்கெட் நோய் வெளிப்படப் பதினைந்து நாள் வரை செல்லலாம். தீனியும் தண்ணீரும் கடைசியாக இந்தக் கூட்டுக்கு வைத்து, கை கழுவிவிட்டுத் திரும்புங்கள். தடுப்பூசி விபரத்தை அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். பறவை இறந்தால் புதைத்துவிடாமல் முதலில் அந்த அலுவலகத்துக்கு அறிவியுங்கள்; பேராதனை, கன்னொறுவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டுமா என்பதை அவர்கள் சொல்வார்கள்.

இந்த நாட்களில் பறவையை நான்கு பக்கமும் படம் எடுத்து, நிறுத்து, திகதியோடு எழுதிவைத்து, அதன் ஒரு பிரதியை விற்றவருக்கும் அனுப்புங்கள். ஓராண்டுக்குப் பின் முதல் ஈட்டில் ஒற்றைக் கோட்டு நெற்றியோடு ஒரு குஞ்சு வந்தால், எந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் இருவருக்கும் வழக்கு வராது.